வாசகர் கேள்வி – பதில்: மாதச் சம்பளம் இல்லாதவர்களின் கொழும்பு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அலுவலகம் எதிலும் சேராமல் வீட்டிலிருந்தபடியே பலருக்கும் வேலை செய்து கொடுத்துப் பிழைக்கும் பிரீலான்ஸ் பணியாளர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்தவை. ஆகவே சினிமாவையும் கிரிக்கெட்டையும் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஐயா, அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ள சிறு நிறுவனங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன். மாதம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபாய் வங்கிக்கு வருகிறது. வெளிநாட்டுப் பணத்துக்கு வரியே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். இப்போது பதினைந்து சதவீதம் என்கிறார்கள். வரிக் கோப்புத் திறந்தால் வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடுமா?
– வாசகி, வெள்ளவத்தை

உங்கள் நண்பர்கள் சொன்னது 2025 மார்ச் 31 வரை சரியாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கு இங்கிருந்து செய்து கொடுக்கும் சேவைக்கான பணம், வெளிநாட்டு நாணயமாக வங்கி ஊடாக நாட்டுக்குள் வந்தால், அதற்கு வருமான வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டு, அவ்வருமானத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வரி விதிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் கையில் வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினைந்து ரூபாய் போய்விடும் என்று பலர் கலங்குகிறார்கள். கணக்கு அப்படியல்ல. உங்கள் ஆண்டு வருமானம் 30 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் முதல் 18 இலட்சம், வரி விதிக்கப்படாத தனிநபர் நிவாரணமாகக் கழிந்துவிடும். மிஞ்சும் 12 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 60,000 ரூபாய். எஞ்சிய 2 இலட்சத்துக்கு 15 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். ஆக ஆண்டுக்கு 90,000 ரூபாய், மாதத்துக்கு 7,500 ரூபாய். இதுவும் உங்கள் செலவு எதையும் கழிக்காமல் போட்ட கணக்கு. இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, வேலைக்கென வாங்கிய கணினியின் தேய்மானம் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருந்தால் தொகை இன்னும் குறையும்.

வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணைகளைக் கட்டி, எஞ்சியதைச் செப்டெம்பர் 30 க்குள் தீர்த்து, நவம்பர் 30 க்குள் வருமான விவரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். சம்பளக்காரருக்கு இந்த வேலையையெல்லாம் அவருடைய நிறுவனமே செய்து, வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுகிறது. நமக்குக் கணக்குப் பிரிவும் நாமேதான். ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் ஒரு பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றி வைத்துவிட்டால் தவணை மாதத்தில் நகையை அடகு வைக்க நேராது.

இந்த வரி நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உள்ளூர் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர் 36 சதவீதம் வரை கட்டும்போது, அதே தெருவில் அதைவிட அதிகம் சம்பாதிப்பவர் ஒன்றுமே கட்டாதிருந்தது நீடிக்கக்கூடிய ஏற்பாடு அல்ல. அதேவேளை, வரியைக் கேட்கும் அரசு அந்தப் பணம் நாட்டுக்குள் சிரமமின்றி வரும் வழியையும் பார்த்திருக்க வேண்டும். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் பணம் அனுப்ப முடிந்தும் பெற முடியாமல் இலங்கையர் பல ஆண்டுகள் திண்டாடியதை யாரும் மறந்துவிடவில்லை. வம்பு என்கிறீர்கள். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும் அன்றைக்கும், தூதரகத்தில் வீசாவுக்கு வரிசையில் நிற்கும் அன்றைக்கும், சம்பளப் பட்டியல் இல்லாத உங்களுக்கு அந்த வரிக் கோப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லையென்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

வேலைக்கிடையே செய்தி பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு செய்தியும் என்னைப் பாதிக்கும் போலத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கிருலப்பனை

உங்களுக்குத் தோன்றுவது பிரமையல்ல. மின்கட்டணம் உயர்ந்தால் அலுவலகத்தில் வேலை செய்பவருடைய நிறுவனம்தான் முதலில் முணுமுணுக்கும். அது சம்பளத்தில் தெரிய ஓராண்டு பிடிக்கும். உங்களுக்கோ அடுத்த மாதப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைந்ததும், அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூடியதும் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், மேசை விளக்கும் கணினியும் மின்விசிறியும் என் வீட்டு மானியில்தான் ஓடுகின்றன. நாட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு முதலாளி நிற்காததால், நாட்டில் நடப்பது நேராக நம் மேசைக்கே வந்துவிடுகிறது.

ஆனால் அப்படி வந்து சேரும் செய்திகள் சிலவே. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் மின்கட்டணத் தீர்மானம், மத்திய வங்கியின் வட்டி வீத அறிவிப்பு, டொலரின் பெறுமதி, நவம்பரில் வாசிக்கப்படும் வரவு செலவுத் திட்டம், மழைக்காலத்தில் களனி கங்கையின் நீர்மட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டியதில்லை. பாராளுமன்றத்தில் யார் யாரை என்ன சொல்லி ஏசினார் என்பது இரவுச் சாப்பாடு வரை காத்திருக்கும். காத்திருந்தாலும் அதன் சுவை குறையாது.

டொலராகவே வைத்திருப்பதா, வந்தவுடன் மாற்றிவிடுவதா?
– வாசகர், பம்பலப்பிட்டி

2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360 ஐத் தாண்டியபோது, நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டதையும், பணம் இருந்தும் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. வாடகையும் சாப்பாடும் ரூபாயில் என்றால் அவற்றுக்கு வேண்டியதை வந்தவுடன் மாற்றுங்கள். எஞ்சியதை வைத்து நாணயச் சந்தையில் சூதாட வேண்டாம். நாணயம் ஏறுமா இறங்குமா என்று அடித்துச் சொல்பவரைக் கண்டால், அவருடைய பணம் எதில் இருக்கிறது என்று கேளுங்கள்.

உறவினர் ஒருவரின் சிபாரிசில், கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்துக்குக் காணொளித் தொகுப்பு செய்து கொடுத்தேன். எல்லாம் தொலைபேசியில் பேசியதுதான். ஐந்து மாதமாகியும் பணம் வரவில்லை. கேட்டால், “எங்களுக்கே இன்னும் வரவில்லை தம்பி” என்கிறார்கள். மாமாவின் முகத்துக்காகப் பொறுத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு காலம் பொறுப்பது?
– வாசகர், தெஹிவளை

தம்பி, முதலில் மாமாவிடம் போய்ச் சொல்லுங்கள். அவருடைய முகத்தை நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். தெரிந்தால் அவரே ஒரு தொலைபேசி அழைப்பில் விஷயத்தை முடித்துவிடக்கூடும். சிபாரிசு செய்த மனிதருக்குத் தன் பெயரில் நடந்தது என்ன என்று அறியும் உரிமையும் உண்டு.

“எங்களுக்கே வரவில்லை” என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்த நிறுவனம் தன் மின்பட்டியலையும் கட்டட வாடகையையும் தன் வாடிக்கையாளர் பணம் தந்த பிறகா கட்டுகிறது? அவர்களுடைய கொடுக்கல் வாங்கலில் உள்ள ஆபத்தைச் சுமக்க நீங்கள் அதில் பங்குதாரர் அல்லர். இதைச் சண்டை பிடிக்காமலேயே சொல்லலாம். வேலை கொடுத்தவரிடம் மறுபடியும் கெஞ்சுவதை விட்டுவிட்டு, திகதியும் தொகையும் வேலையின் விவரமும் குறித்த ஒரு பட்டியலை அந்நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்த நகரத்தின் நிறுவனங்கள் பலவற்றில், வேலையைப் பாராட்டுகிறவருக்கும் காசோலை எழுதுகிறவருக்கும் இடையில் இரண்டு மாடித் தூரம் இருக்கிறது. பட்டியலே மேலே போய்ச் சேராமல் ஐந்து மாதம் கழிந்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். வழக்குத் தொடரும் காலத்தை வரையறுக்கும் நமது கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செய்து கொடுத்த வேலைக்கான கூலியை எழுத்து எதுவுமின்றிக் கேட்பதானால் அது தரும் காலம் ஓராண்டு மட்டுமே. எழுத்து மூலமான உடன்படிக்கை என்றால் ஆறு ஆண்டுகள். உங்களுடைய ஓராண்டில் ஏற்கெனவே ஐந்து மாதத்தை மாமாவின் முகத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னஞ்சல் போன்ற பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. ஆகவே, “நீங்கள் சொன்னபடி இந்த வேலையை இந்தத் தொகைக்கு இன்ன திகதியில் முடித்துக் கொடுத்தேன்” என்று இன்றைக்கே எழுதி, அவர்களிடமிருந்து “ஆம், விரைவில் தருகிறோம்” என்ற ஒரு வரியையாவது பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி உங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு அறியலாம்.

நீதிமன்றம் என்றால் பயமாக இருந்தால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உங்கள் பகுதியிலும் இருக்கிறது. அங்கே இரு தரப்பும் சட்டத்தரணிகள் இல்லாமல் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அந்த நாற்காலியில் வந்து உட்காருவதே சங்கடம் என்பதால், அழைப்புக் கடிதம் போன கையோடு காசோலை வந்துவிடுவதும் உண்டு.

இனிமேல் வரும் வேலைகளுக்குப் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். எஞ்சியது வரும்வரை, திரையின் குறுக்கே உங்கள் பெயர் ஓடும் பிரதியை மட்டும் காட்டுங்கள். முற்பணம் கேட்டால் வேலை கைநழுவிவிடும் என்று பயப்படுகிறீர்கள். முற்பணம் என்றதும் மறைந்துவிடுகிறவர், வேலை முடிந்த பிறகும் மறைந்துதான் இருப்பார். ஒருவேளை நிறுவனம் வரியாக 5 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு தந்தால் பதற வேண்டாம். மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சிலவகைச் சேவைக் கட்டணங்களில் அப்படிப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதற்குரிய சான்றிதழை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஆண்டு முடிவில் உங்கள் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழ் தர மறுப்பவர் அந்தப் பணத்தை உண்மையிலேயே அரசுக்குச் செலுத்தினாரா என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

மகனுக்கு 31 வயது. அறைக்குள் கணினிக்கு முன்னால் இரவு பகலாக இருக்கிறார். நல்ல வருமானம் என்கிறார். கலியாணத் தரகர் “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அம்மா, சொந்தமாகத் தொழில் செய்கிறார் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவரிடம் எந்தத் தரகரும் உத்தியோகம் என்ன என்று கேட்பதில்லையே. பிரதேச செயலகத்தில் ஒரு வணிகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டால், பெண் பார்க்க வருபவர்களின் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். மீதிப் பாதி நியாயமான கேள்விகள். வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதை மருமகளாக வரப்போகிறவரிடம் மகனே முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரை நாளுக்கு ஒருமுறையாவது அவரை அறையிலிருந்து வெளியே கூப்பிட்டு, கடைத்தெரு வரை ஏதாவது வாங்க அனுப்புங்கள்.

மின்சாரம் போனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?
– வாசகி, கல்கிசை

உண்மையைத்தான். ஆனால் சில நேரம் உண்மையே பொய்போல் இருக்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது என்று துறை அமைச்சரே அறிவித்தார். அதை மின்னஞ்சலில் எழுதி நம்பவைக்க என் நண்பர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன் தொடர்ச்சியாக நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு இது தூசு என்றாலும், வேலைக்கான கெடு கெடுதான்.

மடிகணினிக்கு மின்கலம் இருக்கிறது. முதலில் சாவது வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டர். மின்சாரம் போனாலும் அதைச் சிறிது நேரம் ஓடவைக்க, அதற்கென்றே விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி வையுங்கள். வீட்டு இணையம் ஒரு நிறுவனத்தினுடையது என்றால், கைத்தொலைபேசி இணைப்பு வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். நீண்ட மின்வெட்டில் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் இறங்கிவிடும் என்பதால், முடித்த கோப்புகளை மின்சாரம் போன முதல் மணித்தியாலத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

2025 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கணினியும் வன்தட்டுகளும் போய்விட்டன. திருமணப் புகைப்படங்களை இழந்த வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? மறுபடியும் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், வெல்லம்பிட்டி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த டித்வா புயல் நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மலையகத்தில் மண்ணுக்குள் புதைந்த வீடுகளை நினைக்கும்போது கணினியைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அந்தக் கணினிதான் உங்கள் கடை, அதுதான் உங்கள் பட்டறை. வாடிக்கையாளர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தவணையாகவேனும் திருப்பித் தர முன்வாருங்கள். நனைந்த வன்தட்டை வீட்டில் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், தரவு மீட்கும் கடையொன்றில் காட்டுங்கள். சிலவேளை படங்கள் மீண்டு வரும்.

மறுபடியும் வருமா என்றால், வரும். 2016 மேயிலும் வந்தது. கொழும்பை ஈரநில நகரம் என்று, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் அமைப்பு 2018 இல் அங்கீகரித்தது. அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே கொலன்னாவைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்பிய நகரமும் இதுவே. தண்ணீருக்குப் போக இடமில்லாவிட்டால் அது உங்கள் வரவேற்பறைக்கு வருகிறது. ஒரு வசதி என்னவென்றால், களனி கங்கை சொல்லாமல் வருவதில்லை. கித்துல்கல, அவிசாவளைப் பக்கம் கொட்டும் மழை கொழும்பை அடைய நேரம் எடுக்கும். ஹங்வெல்லையிலும் நாகலகம் வீதியிலும் உள்ள நீர்மானிகளின் அளவுகளை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும் அழைக்கலாம். ஹங்வெல்லையில் மட்டம் ஏறத் தொடங்கியதும் கணினியை மேல்மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். படங்களின் இன்னொரு பிரதி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். திருமணப் படங்களுக்கு அந்த மாதச் செலவைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

எங்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லையே. வயதானால் என்ன கதி?
– வாசகி, வத்தளை

சம்பளக்காரருக்காக, சம்பளத்தில் அவர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமுமாக ஊழியர் சேமலாப நிதியில் போடுகிறார்கள். அதற்கு மேல், இன்னொரு சேமிப்பு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 சதவீதம். அதாவது, அதே தொகையை ஈட்டும் உங்களைவிட அவர் ஒவ்வொரு மாதமும் 15 சதவீதம் முன்னால் போகிறார். வேலைக்கு விலை சொல்லும்போது பெரும்பாலானோர் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சுயதொழிலாளருக்கென 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழில் செய்பவர்கள் அங்கத்தவராகலாம். இவை மட்டும் முதுமைக்குப் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களின் கதைகளை வெள்ளவத்தையில் கேட்டவர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்கத் தேவையில்லை.

வீட்டில் ஒரே சத்தம். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் பணம் கரைகிறது. வேறு இடம் உண்டா?
– வாசகர், மருதானை

விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில் 1925 இல் தொடங்கப்பட்ட பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தை 57 ஆவது ஒழுங்கைப் பக்கம் வந்தால், 1942 இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு. இரண்டிலும் தொலைபேசியில் கத்திப் பேச முடியாது என்பது குறையல்ல. அதுவே அவற்றின் சிறப்பு.

செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடுமா?
– வாசகர், வெள்ளவத்தை

ஒரு பகுதியை ஏற்கெனவே பறித்துவிட்டது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய வேலைகள் முதலில் போகின்றன. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறாரே, அவரை உட்காரவைத்துக் கேட்டறிந்து செய்கிற வேலைகளுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

ரொறன்ரோ வாடிக்கையாளர் நடுச்சாமத்தில் அழைக்கிறார். மறுத்தால் கோபிப்பாரோ?
– வாசகி, தெமட்டகொட

அவருக்கு அது நடுச்சாமம் என்று தெரியாது, சொன்னால்தானே தெரியும். குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. மார்ச் நடுப்பகுதியில் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளிய பிறகு, நவம்பர் தொடக்கம் வரை ஒன்பதரை. நமது இரவு ஏழு மணி, அவருக்குக் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. ஆகவே இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை பேசலாம், அதற்குப் பிறகு மின்னஞ்சல் மட்டும், பதில் மறுநாள் காலையில் என்று ஒரு முறை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அதன் பிறகும் நடுச்சாமத்தில் அழைத்தால், இரவு நேர வேலைக்குத் தனிக் கட்டணம் என்று அடுத்த பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.